இரண்டாம் குரல் சின்னம்மை

குன்னூருக்குக் கிழக்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த சின்னம்மைக்குப் பாட வரும் என்று சொன்னால், அந்த லைன் வீடுகளில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவள் பாடி அவர்கள் கேட்காமல் இல்லை. கேட்டதுதான் தொந்தரவே. மார்கழி பிறந்துவிட்டால் போதும், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலை நிரையில் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவாள். அது பாட்டா, கலெக்டருக்குக் கொடுக்கிற மனுவா என்று யாருக்கும் விளங்காது. ஒரே இடத்தில் நாலு தரம் நிற்கும், ஒரு படி இறங்கும், மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மொழியும் தமிழில்லை. சிலோன்காரிக்குச் சாமி வருகிறது என்று பக்கத்து நிரைக்காரிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. சின்னம்மை பாடியது முழுப் பாட்டில்லை. நாலு குரல் சேர்ந்து பாட வேண்டியதில் இரண்டாவது குரல் மட்டும்தான் அவளிடம் இருந்தது. அந்த இரண்டாவது குரலுக்கு மெட்டு கிடையாது. மெட்டு முதல் குரலுக்குச் சொந்தம், அந்த முதல் குரல் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன் பெயர் தெய்வம்மா. சின்னம்மையின் கூடப்பிறந்த அக்கா.

இரண்டு பேரும் பிறந்தது இலங்கையில், அட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில். லைன் வீட்டுக்கு அங்கே அதுதான் பெயர். தாய் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்று வயதே மூத்த தெய்வம்மாதான் தங்கைக்குத் தலை பின்னிவிட்டாள், ரொட்டி தட்டிக் கொடுத்தாள், அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவினாள். அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். மலையுச்சியில் இருந்த கிறிஸ்தவ வேதக் கோயிலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒருநாள் விறகுக் கட்டோடு தெய்வம்மா பாடிக்கொண்டு வந்ததை அந்தக் கோயில் சாமியார் வழியில் கேட்டுவிட்டார். சம்பந்தம் அப்படி உண்டானது.

அவர் பிரான்சு தேசத்துக்காரர். நெட்டையான மனிதர், சிவந்த காது, மழையில் நனைந்து நனைந்து வெளுத்த அங்கி. நேராக லயத்துக்கே வந்து, கிறிஸ்துமஸ் பூசைக்குப் பாட உங்கள் பெண்களை அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா, தொண்டையைத்தானே கேட்கிறீர்கள், கொண்டு போங்கள், நெற்றிக் குங்குமத்தை மட்டும் அழிக்கச் சொல்லாதீர்கள் என்றார். சாமியார் அந்தப் பேச்சை மீறவே இல்லை. குங்குமம் வைத்த இரண்டு பெண்கள் கோயில் பாட்டில் நிற்பது மேலிடத்துக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அந்த மலை ஏறி மேலிடம் எதுவும் வந்ததில்லை.

அந்தப் பூசைப் பாட்டின் கதையைச் சாமியார் அரைகுறைத் தமிழில் அவர்களுக்குச் சொல்லியிருந்தார். முன்னூறு வருஷத்துக்கு முன்னால், பெரிய ராஜா ஒருவர் ஆண்ட காலத்தில், அவருடைய தேசத்தில் கட்டிய பாட்டு. கிறிஸ்துமஸ் வந்தால் அந்த ஊர் ஜனங்கள் அடுப்பங்கரையிலும் தெருவிலும் பாடி ஆடுகிற மெட்டுகள் நிறைய இருந்தன. ஆட்டுக்காரன் பாட்டு, பால்காரி பாட்டு, அந்த மாதிரி. ஒரு வித்துவான் அந்த மெட்டுகளையெல்லாம் பொறுக்கி எடுத்து, பூசையில் சொல்ல வேண்டிய மந்திரங்களை அவற்றின் மேல் ஏற்றிவிட்டார். அதனால் சொல் கும்பிடுகிற சொல், மெட்டு கும்மியடிக்கிற மெட்டு. தோட்டத்து ஜனத்துக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. காவடிக்கு ஆடிக்கொண்டே அழுகிறவர்களுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் குரலை லேசாக ஒரு நடுக்கு நடுக்கிவிட வேண்டும். அது தெய்வம்மாவுக்கு முதல் நாளே வந்துவிட்டது. சாமியார் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று சின்னம்மை பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொன்னாள்.

பாடம் சொல்லிக் கொடுப்பதில்தான் அவர் கெடுபிடி. யாருக்கும் சுரக் குறிப்பு படிக்கத் தெரியாது. எல்லாம் காதால் பிடித்து வாயால் மனப்பாடம் பண்ண வேண்டும். பழகாத தொண்டை எப்போதும் மெட்டு இருக்கிற பக்கமே சாய்ந்துவிடும். அதனால் பாட்டுக் கூட்டத்தில் இருந்த பதினொரு பேரையும் நாலாகப் பிரித்துவிடுவார். முதல் குரல் பூசைச் சாமான் அறையில், இரண்டாம் குரல் பின்னால் விறகுக் கொட்டகையில், ஆண்களில் மேல் குரல் வாசலில், கீழ்க்குரல் மணிக் கூண்டின் அடியில். அவரவர் வரி அவரவருக்கு. அடுத்தவர் வரியை வாயில் எடுத்துவிட்டால் அன்றைக்குப் பாட்டு கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டிசம்பரில் மட்டும் நாலு கூட்டத்தையும் ஒன்றாக நிறுத்துவார். ஒரு வருஷம் பூராவும் விறகுக் கொட்டகையில் பிராது மாதிரி முனகிக்கொண்டிருந்த சின்னம்மை, முதல் தடவை அக்காவின் மெட்டுக்கு அடியில் தன் வரியைக் கொண்டுபோய் வைத்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனாள். இத்தனை நாள் தான் பாடியது இதற்குத்தானா என்று இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில்கூட அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே மேல் வரியைப் பாடினால், தங்கை அடுப்படியிலிருந்து கீழ் வரியைப் பாடுவாள். அக்காவின் வரியை அவள் ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. அது அவளுக்கு ஒரு பெருமையாகவே இருந்தது. பின்னால் அதுவே வினையாகும் என்று யார் கண்டது?

கல்யாணங்கள் ஆயின. தெய்வம்மா ஆண்டி என்பவரையும், சின்னம்மை செல்லையாவையும் கட்டிக்கொண்டு அதே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து லயத்தில் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் தோறும் பாடினார்கள். பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஜனத்தை இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பிரித்துக்கொண்டன. எந்த நாடு வேண்டும் என்று கேட்டு வீட்டுக்கு வீடு விண்ணப்பப் பாரம் வந்தது. இந்தியாவில் வீடும் வேலையும் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு செல்லையா இந்தியாவுக்கு எழுதினார். அப்பன் பாட்டன் புதைந்த மண்ணை விட்டு எங்கே போவது என்று ஆண்டி இலங்கைக்கு எழுதினார். அக்கா தங்கை இரண்டு பேரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அன்றைக்கு இல்லை. இரண்டு பாரமும் எழுதின மாதிரியே பாஸாகி வந்தன.

எழுபத்திரண்டாம் வருஷம் சின்னம்மையின் குடும்பத்துக்குத் தேதி வந்தது. ஜனத்தை ஏற்றிக்கொண்டு போன அந்த ரயிலுக்கு மலைநாட்டில் அழுகைக் கோச்சி என்றே பெயர். தெய்வம்மா அட்டன் ஸ்டேஷனுக்கு வந்தாள். வழிக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். குளிர் ஊர் என்கிறார்கள், காதை மூடிக்கொள் என்று நாலு தரம் சொன்னாள். பாட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. யாருக்கு அப்போது பாட்டு நினைப்பு வரும்? கோச்சி நகர்ந்ததும் தெய்வம்மா கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள், பிறகு ஓடினாள், பிறகு பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

கப்பல், மண்டபம் முகாம், அங்கே ஐந்து மாதம், அப்புறம் லாரி, பஸ். நீலகிரிக்கு வந்து சேர்ந்த முதல் வருஷங்களில் காட்டை வெட்டவும் குழி எடுக்கவும் கன்று நடவும்தான் நேரம் இருந்தது. மழை, அட்டை, குளிர் எல்லாம் அட்டனில் பார்த்ததுதான். அக்கா இல்லாததுதான் புதுசு. ராத்திரி படுத்தால் அக்கா பாடுவது காதில் அப்படியே இருந்தது. அதன் அடியில் தன் வரியை மெல்லப் பாடிக்கொண்டே தூங்கிப் போவாள்.

நாலாவது டிசம்பரோ ஐந்தாவது டிசம்பரோ, நிரையில் நிற்கும்போது அக்காவின் மெட்டை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. முதல் வரியின் தொடக்கம் மட்டும் வந்தது, அதற்கு மேல் போனால் தன்னுடைய வரியே குறுக்கே வந்து நின்றது. வேறு பக்கமாகப் போய்ப் பார்த்தாள். அங்கேயும் தன் வரிதான். தினமும் பாடிப் பாடித் தன் குரலே அக்காவின் குரலை மூடிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அக்காவின் முகம் இருந்தது, கோபித்தால் இடது புருவம் ஏறுவது இருந்தது. குரல் இல்லை. உயிரோடு இருக்கிற அக்காவைத் தானே பறிகொடுத்துவிட்டோம் என்று அன்றைக்குக் கூடையோடு தேயிலைக்குள் உட்கார்ந்து அழுதாள்.

அதிலிருந்து அவளுக்கு அந்த ஒரே நினைப்புதான். அந்த மெட்டு வேண்டும். ஒரு தடவை கேட்டால் போதும், விடமாட்டாள்.

முதலில் அக்காவுக்கே கடிதம் எழுதினாள். உன் வரியை மறந்துவிட்டேன், எழுதி அனுப்பு என்று. பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. தெய்வம்மா மூன்றாம் வகுப்புப் படித்தவள், தன்னால் ஆனதைச் செய்திருந்தாள். வார்த்தைகளை ஒழுங்காக எழுதி, கீழே வழி சொல்லியிருந்தாள். இந்த இடத்தில் லயத்திலிருந்து பேக்டரிக்குப் போகிற மாதிரி ஏறு. இங்கே நிற்காதே. இங்கே கங்காணி வீட்டுப் படி மாதிரி மூன்று படி இறங்கு. இங்கே குரலை நடுக்கு. வார்த்தைகள் சின்னம்மையிடமும் இருந்தன, நாலு குரலுக்கும் வார்த்தை ஒன்றுதானே. ஏறச் சொன்ன இடத்தில் ஏறினாள், இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கினாள். வந்தது எந்த ஊர் மெட்டோ தெரியாது. செல்லையா கேட்டுவிட்டு, பேக்டரிக்கு ஏறச் சொன்னால் நீ ரயில் ஏறிப் பதுளைக்கே போய்விட்டாயே என்றார். கோபம் வந்தாலும் சின்னம்மைக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தை மட்டும் மடிப்பு கிழிகிற வரைக்கும் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

இலங்கைக்குப் போய்வர அவளுக்கு வழி இல்லை. சாமியாரோ வயதாகித் தன் தேசத்துக்குத் திரும்பிவிட்டார் என்று அக்காவே இன்னொரு கடிதத்தில் எழுதியிருந்தாள். எழுபத்தொன்பதாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சின்னம்மை துணிந்து குன்னூர்ப் பக்கம் இருந்த ஒரு வேதக் கோயிலுக்குப் போனாள். அங்கே பாட்டுக் கூட்டத்தை நடத்தியவர் கொர்னேலியஸ். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா, ஆர்மோனியம் வாசிப்பார், சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு பேனா இருக்கும். மரியாதை தெரிந்த மனிதர். நெற்றியில் குங்குமத்தோடு வந்து நின்ற பெண்ணை உட்காரச் சொல்லி, பாடுங்கள் என்றார்.

சின்னம்மை கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை தன் வரியைப் பாடினாள். கொர்னேலியஸ் ஆர்மோனியத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, கோவிச்சுக்காதீங்க. வார்த்தையெல்லாம் பழைய லத்தீன் பூசை வார்த்தைதானுங்க, எங்கப்பன் காலத்துல நானும் பாடியிருக்கறன். ஆனா இதுல மெட்டே இல்லீங்களே. உங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்துட்டாங்க."

இது இரண்டாம் குரல், மேலே அக்கா பாடுவாள் என்று அவள் விளக்கப் பார்த்தாள். அந்த மேல் வரியைப் பாடுங்கள் என்றார் அவர். அது தெரிந்தால் இவள் எதற்கு அங்கே போகிறாள்? இப்போது பூசை எல்லாம் தமிழில் ஆகிவிட்டது, லத்தீன் பாட்டை எடுத்தால் சனத்துக்கு விளங்காது என்று அவர் நயமாகவே சொன்னார். எழுந்துகொண்டவளைப் பார்க்க அவருக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

"போன வருசம் தேவாலாப் பக்கம் ஒரு கல்யாணப் பூசைக்குப் போயிருந்தனுங்க. அங்கயும் ஒரு பெரியவர், உங்க சிலோன் ஆளுதான், விருந்துல இதே வார்த்தையத்தான் பாடினாரு. தாடைய நெஞ்சுல ஒட்டவெச்சுக்கிட்டு, கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி. அதுலயும் மெட்டில்லீங்க."

சின்னம்மை அப்படியே நின்றுவிட்டாள். பாட்டு கீழே இறங்கும்போது தாடையை நெஞ்சில் ஒட்டவைப்பவர் அந்தப் பதினொரு பேரில் ஒருவர்தான் இருந்தார். பேக்டரியில் இலை வாட்டுகிற மூக்கன். கீழ்க்குரல். ஏழு வருஷம் அக்காவுக்கு நேர் பின்னால் நின்று பாடியவர். அவருக்கு அக்காவின் மெட்டு தெரியாமல் இருக்குமா?

அடுத்த வாரமே லீவு போட்டாள். ஒரு மெட்டை வாங்கிவர பஸ் ஏறுகிற முதல் ஆள் நீதான் என்று செல்லையா கேலி செய்தார், ஆனால் விடியற்காலையில் எழுந்து அவரே ரொட்டி தட்டிக் கட்டிக் கொடுத்தார். குன்னூரிலிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து கூடலூர், அங்கிருந்து தேவாலா பஸ். வழி நெடுக அவள் தன் வரியைப் பாடவே இல்லை. வரப்போகிற மெட்டுக்கு இடம் விட்டு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தேவாலாவில் தோட்டத்து லைனைக் கண்டுபிடிப்பது பெரிய பாடாக இல்லை. சிலோன் பெரியவர், தாடையை இறக்கிப் பாடுவாரே என்றதும் குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்துக்கொண்டே கைகாட்டினார்கள். அங்கேயும் அதே சிரிப்புதான். மூக்கன் வாசலில் உட்கார்ந்து கவாத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தலை பூரா நரைத்து, முன்பல் இரண்டு போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

"தெய்வம்மா தங்கச்சியில்ல நீ? சின்னம்மை?"

அவள் ஆமாம் என்பதற்குள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் பளபளவென்று இருந்தது. அவள் வாயைத் திறக்கவே இடம் கொடுக்காமல் பேசினார்.

"நல்ல நேரத்துல வந்த தாயி. உங்கக்கா வரி ஒண்ணு இருக்குமே, மேல் வரி, அத மறந்து தொலைச்சிட்டேன். எத்தனையோ வருசமா தேடிக்கிட்டுக் கிடக்குறேன். பாடு, கேப்போம்."

சின்னம்மை வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். நானும் அதைக் கேட்கத்தான் வந்தேன் அண்ணே என்றாள். சொன்னதும் மூக்கனும் எதிரே உட்கார்ந்துவிட்டார். இத்தனை மலை இறங்கி வந்தது இதற்குத்தானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்தச் சாமியார் மேல் வந்தது, பாரம் எழுதிய செல்லையா மேல் வந்தது, மண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்ட ஆண்டி அத்தான் மேல் வந்தது. மூக்கன் உள்ளே போய் இரண்டு கிளாஸ் பால் விடாத சாயத் தேத்தண்ணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். குடித்து முடித்த பிறகு, வந்ததுக்கு நம்மிடம் இருப்பதையாவது பாடிப் பார்ப்போம் என்றார்.

பாடினார்கள். மூக்கனின் குரல் தேய்ந்திருந்தது, ஆனாலும் அடியில் தரை மாதிரி நின்றது. அதன் மேல் சின்னம்மை தன் வரியை வைத்தாள். மெட்டு இல்லைதான். இருந்தாலும் ஏழு வருஷத்துக்குப் பிறகு தன் குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் நின்றதில் அவள் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் பாடிக்கொண்டே போனார்கள்.

இரண்டாவது பகுதியின் நடுவில் ஒரு இடம் வரும். மற்ற பத்துப் பேரும் நிறுத்திவிட வேண்டும், தெய்வம்மா மட்டும் தனியாகப் பாடுவாள். சாமியார் அங்கே ஆர்மோனியத்தையும் நிறுத்திவிடுவார், கையும் காட்ட மாட்டார். அவள் முடிப்பதைக் காதால் கேட்டுத்தான் திரும்ப நுழைய வேண்டும். அந்த இடம் வந்ததும் சின்னம்மை நிறுத்தினாள். மூக்கனும் நிறுத்தினார். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவள் முழங்காலில் வைத்திருந்த தன் கையைப் பார்த்தாள். எங்கோ ஒரு கோழி கேறியது, குழாயடியில் குடம் நிரம்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரமில்லை, நிறைய நேரம். எண்ணவும் இல்லை, சாடை காட்டவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே மூச்சில் வாயைத் திறந்து, ஒரே எழுத்தில் நுழைந்தார்கள்.

ஒரு வரி போனதும் சின்னம்மைக்குப் பாட முடியவில்லை. மூக்கனைப் பார்த்தாள்.

"அண்ணே, எப்பிடி அங்கன சரியா நொழைஞ்சீங்க?"

இதென்ன கேள்வி என்பது போல அவர் அவளைப் பார்த்தார்.

"உங்கக்கா பாடி முடிச்சிச்சுல்ல" என்றார்.

அட்டன் ஸ்டேஷனில் அழாத அழுகையெல்லாம் அந்த வாசற்படியில் வந்துவிட்டது. மூக்கன் அவள் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு, நிறுத்தின வரியிலிருந்து எடுத்தாள். தெய்வம்மா தனியாகப் பாட வேண்டிய இடம் இன்னும் மூன்று இருந்தது.